பெரணிக்கு மரத்தில் இடம் பார்ப்பது

மரத்தில் பெரணி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் செடியை வாங்கி வந்த பிறகுதான் எதில் கட்டலாம் என்று மரத்தைத் தேடுகிறார்கள். இந்த வரிசையை மாற்றிப் போட்டாலே பாதித் தொல்லை குறையும். செடி வாங்கும் முன், நல்ல மழை பிடித்திருக்கும் ஒரு நாளில் குடையோடு தோட்டத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள் (இடி மின்னல் இருந்தால் வேண்டாம்). அண்ணாந்து இலையைப் பார்க்க வேண்டியதில்லை. பட்டையைப் பாருங்கள்.

மழைநீர் மரத்தின் எல்லாப் பக்கமும் ஒரே சீராக இறங்குவதில்லை. இலையில் விழுந்தது சிறு கிளைக்கு வந்து, அங்கிருந்து பெரிய கிளைக்கு வழிந்து, கவட்டையில் ஒன்றுசேர்ந்து, அடிமரத்தில் சில குறிப்பிட்ட தடங்கள் வழியாகவே தரைக்கு வரும். மற்ற இடங்களுக்குச் சாரல்தான். சாய்ந்த மரமாக இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்: வானத்தைப் பார்த்த பக்கம் ஊறிக் கிடக்கும், தரையைப் பார்த்த பக்கம் அடைமழையிலும் உலர்ந்தே இருக்கும்.

எங்கள் மாமரத்தில் அடிமரம் இரண்டாகப் பிரியும் கவட்டைக்கு நேர் கீழே உள்ளங்கை அகலத்தில் கறுத்த தடம் ஒன்று உண்டு. மழை பிடித்தால் தண்ணீர் அதில் மினுமினுத்துக்கொண்டு இறங்கும். மழை விட்ட பிறகும் நெடுநேரம் அங்கே ஈரம் இருக்கும். தொட்டால் வழுக்கும், நகத்தால் சுரண்டினால் பச்சை ஒட்டும். ஒரு சாண் தள்ளினால் பட்டை வெளிர் சாம்பல் நிறத்தில் மொரமொரவென்று இருக்கும். ஒரே முயல்கால் பெரணியின் கிழங்கை இரண்டாக வெட்டி, ஒன்றை அந்தத் தடத்தின் ஓரத்திலும் மற்றதை ஒரு சாண் தள்ளியும் கட்டிப் பார்த்தேன். ஓரத்தில் இருந்தது அந்த மழைக்காலத்திலேயே பட்டைப் பிளவுகளுக்குள் வேர் விட்டு, பழுப்பு ரோமம் போர்த்திய புது நுனிகளை நீட்டியது. தள்ளி இருந்தது சாகவில்லை. ஆனால் நான் தண்ணீர் ஊற்றினால் இலை விடும், ஊற்றாவிட்டால் உதிர்க்கும். அதற்குப் பிறகு பச்சைப்பாசி படிந்த இடத்தை விட்டு வேறெங்கும் நான் பெரணி கட்டுவதில்லை. கவனிக்க, தடத்தின் ஓரம்தான், நடுவில் இல்லை. நடுவில் பெருமழை வேகம் செடிக்கு அடியில் நாம் வைத்த பாசியையும் நாரையும் அரித்துக்கொண்டு போய்விடும்.

மழைக்குக் காத்திருக்க முடியாதவர்கள் பாசியை வைத்தே கண்டுகொள்ளலாம். பச்சை வெல்வெட் மாதிரி அடர்ந்த பாசி நல்ல அடையாளம். தானாக முளைத்த குட்டிப் பெரணி ஏதாவது இருந்தால் அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. ஆனால் வெளிர் சாம்பல் பத்தைகளாகப் படரும் லைக்கனை நம்ப வேண்டாம். அது வெயிலில் காயும் பட்டையிலும் சுகமாக வாழும்.

வெயில் விஷயம் எளிது. காலை வெயில் பெரும்பாலான பெரணிகளுக்கு ஒத்துக்கொள்ளும், பிற்பகல் மேற்கு வெயில் ஒத்துக்கொள்ளாது. அதனால் கிழக்கு முகம் எங்கும் பாதுகாப்பு. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருப்பவர்களுக்கு மரத்தின் வடக்குப் பக்கமும், தெற்கே இருப்பவர்களுக்குத் தெற்குப் பக்கமும் வருடத்தில் பெரும்பகுதி குளிர்ச்சியாக இருக்கும்.

செடியை மரத்தில் கட்டியதுமே, பார்க்கிறவர் யாராவது "மரத்தை உறிஞ்சிக் கொன்றுவிடுமே" என்பார். அவர் மனதில் இருப்பது புல்லுருவி. புல்லுருவி தன் உறிஞ்சு வேரைக் கிளையின் மரக்கட்டைக்குள்ளேயே இறக்கி நீரையும் உப்புகளையும் எடுக்கிறது, அது ஒட்டுண்ணி. பெரணி தொற்றுச்செடி. அதன் வேர் பட்டையின் மேல்புறத்தைப் பிடித்துக்கொள்ளும், மரத்துக்குள் இறங்காது. உணவும் நீரும் வழிந்து வரும் மழையிலிருந்தும், விழுந்து மக்கும் சருகிலிருந்தும் வருகிறது. இதை எத்தனை முறை சொன்னாலும் சிலர் நம்புவதில்லை. நான் இப்போதெல்லாம் ஒரு பழைய கிழங்குத் துண்டைப் பெயர்த்து அடியில் பட்டை முழுசாக இருப்பதைக் காட்டிவிடுகிறேன்.

மரத்துக்குக் கெடுதல் வரக்கூடிய வழி ஒன்று உண்டு, அது எடை. புனல்போல் இலை விரிக்கும் பறவைக்கூட்டுப் பெரணி வருடக்கணக்கில் சருகு சேர்த்துக்கொண்டே போகும். போர்னியோவின் டானும் பள்ளத்தாக்குக் காட்டில் இந்தப் பெரணிகளை ஆராய்ந்து 2004-இல் வெளியான ஆய்வு, பெரியவை ஈர எடையில் 200 கிலோ வரை போகும் என்றது. தோட்டத்தில் அந்த அளவுக்கு வளராது. ஆனாலும் மழையில் ஊறிய ஒரு நடுத்தரச் செடியைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒல்லிக் கிளையில் ஏற்ற வேண்டிய சாமான் இல்லை அது. அடிமரம், அல்லது அடிமரத்தை ஒட்டிய முதல் கவட்டை. ஏற்கெனவே உளுத்துப்போன கவட்டை என்றால் அங்கே ஈரத்தைச் சேர்த்து வைக்கவே கூடாது.

இனி மரங்கள். பட்டை சொரசொரப்பாக இருக்க வேண்டும், உரிந்து விழக் கூடாது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் பெரும்பாலும் போதும். மா, பலா, தூங்குமூஞ்சி, புளி எல்லாம் நல்லவை. கொய்யாவும் பட்டை உரிக்கும் யூக்கலிப்டஸ் வகைகளும் உதவாது. வேர் பிடித்த பட்டையே ஒருநாள் கழன்று செடியோடு கீழே கிடக்கும். ஈழத்தலரி என்கிற புளூமேரியா அழகான கவட்டைகளைத் தரும். ஆனால் வறண்ட பருவத்தில் மொத்த இலையையும் கொட்டிவிடும். பெரணிக்கு நிழல் மிகவும் தேவைப்படும் நேரமும் அதுவே. அதில் தடித்த இலைக்காரர்களை மட்டும் ஏற்றுங்கள்.

பனைக் குடும்பம் தனிக்கதை. வழவழப்பான தென்னை மரத்தில் ஈரம் தங்காது. ஆனால் பழைய மட்டையின் அடிப்பாகம் உதிராமல் நிற்கும் எண்ணெய்ப்பனை, ஈச்சை போன்றவற்றில் ஒவ்வொரு மட்டைக் கக்கத்திலும் சருகு மக்கி இயற்கையான தொட்டி தயாராக இருக்கும். பெரணி அங்கே நம் உதவி இல்லாமலே வந்துவிடும்.

எந்தப் பெரணி என்ற கேள்விக்கு இப்போது வரலாம். முதல்முறை என்றால் முயல்கால் பெரணியோ முடவாட்டுக்காலோதான் என் பரிந்துரை. இரண்டும் பட்டைமேல் ஊர்ந்து போகும் தடித்த கிழங்கில் நீரையும் உணவையும் சேமிப்பவை. ஒரு வாரம் நாம் மறந்தாலும் பொறுத்துக்கொள்ளும். முடவாட்டுக்காலில் இரண்டு வகை இலை இருக்கும். பச்சையாக நீளமாகப் பிரிந்து நிற்பது ஒன்று. கிழங்கோடு ஒட்டி, குட்டையாக, சீக்கிரமே பழுப்பாகிக் காகிதம் மாதிரி ஆகிவிடுவது மற்றொன்று. பழுப்பானதைக் காய்ந்த இலை என்று பிய்த்துப் போடுகிறவர்கள் நிறையப் பேர். அது காய்ந்த குப்பை இல்லை, சருகு பிடித்து வைக்கும் கூடை. அந்தக் கூடைக்குள் மக்கும் சருகில்தான் வேர் மேயும். வறட்சியில் பச்சை இலை எல்லாம் உதிர்ந்து நடுக்காம்பு மட்டும் குச்சி குச்சியாக நிற்கும், அதற்கும் பயப்பட வேண்டாம். மழை வந்தால் கிழங்கு நுனியிலிருந்து மறுபடி சுருள் விரியும்.

மான்கொம்புப் பெரணியிலும் இதே கதைதான். ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்த பிளாட்டிசீரியம் பைஃபர்கேட்டம் என்ற வகைதான் பெரும்பாலும் விற்பனைக்குக் கிடைப்பது. அதன் கேடய இலைகள், அதாவது வேரடியை மூடிப் பட்டையோடு ஒட்டி நிற்கும் தட்டை இலைகள், பச்சையாகத் தோன்றி, பழுப்பாகி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகும். பழைய அடுக்குகள் தண்ணீரை உறிஞ்சி வைக்கும் பஞ்சு. அவற்றை உரித்துவிட்டால் செடிக்கு வேரடியில் எதுவும் மிஞ்சாது. கொம்பு இலைகளின் மேல் வெள்ளைத்தூள் படிந்ததுபோல் இருப்பது நுண்ணிய ரோமம். ஈரம் ஆவியாவதைக் குறைக்கிறது. தூசி என்று நினைத்துத் துணியால் துடைக்க வேண்டாம்.

இந்த வகை பக்கக்குட்டி போட்டுக் கூட்டமாகவே வளரும். ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே இருக்கும் லார்டு ஹாவ் தீவில் உள்ள கூட்டங்களை ஆராய்ந்து 2021-இல் வெளிவந்த கட்டுரை சுவாரஸ்யமானது. கூட்டத்தின் மேல்பகுதிச் செடிகளின் இலை மெழுகுப்பூச்சோடு நீரை உள்நோக்கி வழியவிடுகிறது, கீழ்ப்பகுதிச் செடிகளின் இலை அந்த நீரை உறிஞ்சிக்கொள்கிறது, வித்துத்தூள் (பெரணி விதைக்குப் பதிலாக உண்டாக்கும் தூள்) தயாரிக்கும் வேலையைக் கூட்டத்தில் எல்லாச் செடிகளும் செய்வதில்லை என்கிறது. தேனீக்களிடம் இருப்பது போன்ற ஒரு வேலைப் பங்கீடு செடியிலும் இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் வாதம். அந்த வாதம் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை விஞ்ஞானிகள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு அதில் கிடைத்தது ஒரு நடைமுறைப் பாடம்: குட்டி முளைத்தவுடனே அவசரப்பட்டுப் பிரிக்காமல் கூட்டத்தைக் கூட்டமாக விட்டால் ஈரம் தங்குகிறது, வெயில்காலத்தைத் தாண்டுவது சுலபமாகிறது. பிரித்தே ஆக வேண்டும் என்றால் குட்டியின் கேடயம் உள்ளங்கை அளவாவது ஆகட்டும்.

இதன் பெரிய உறவான சூப்பர்பம் வகை குட்டியே போடாது. அதற்கு ஒரே ஒரு வளர்முனை, அது அழுகினால் செடி முடிந்தது. பார்க்க ராஜா மாதிரி இருக்கும், ஆனால் முதல் பெரணியாக வாங்க வேண்டாம்.

பறவைக்கூட்டுப் பெரணிக்குக் கவட்டைதான் சரி. செங்குத்தான பட்டையில் கட்டினால் அதன் புனல் வாய் முன்பக்கம் சாய்ந்து சருகு நிற்காமல் கொட்டிவிடும். சின்ன இடம், மெல்லிய ஈரம், கொஞ்சம் வெயில் என்றால் பைரோசியா என்ற பெரணி. தடித்த சிறு இலைகள், பட்டையோடு ஒட்டி ஊர்ந்து போகும். இதன் சில இனங்கள் கள்ளிச்செடி பாணியில் இரவில் இலைத்துளையைத் திறந்து காற்றை எடுத்துக்கொண்டு பகலில் மூடிக்கொள்பவை, அதனால் வறட்சி தாங்கும்.

எதை எடுத்தாலும் காட்டு மரத்திலிருந்து பிய்த்து வர வேண்டாம். அது எத்தனையோ வருடம் எடுத்து அங்கே ஊன்றியது, பிய்த்தால் வேர் பாதி அங்கேயே போய்விடும், பெரும்பாலும் பிழைக்காது. நாற்றுப்பண்ணையில் வளர்ந்தது, நண்பர் தோட்டத்தில் பிரித்தது, காற்றில் ஒடிந்து விழுந்த கிளையில் இருந்தது, இவை போதும்.

கட்டும் நேரம் மழைக்காலத் தொடக்கம். நாள் பார்ப்பதைவிடச் செடியைப் பாருங்கள்: கிழங்கு நுனி வெளிர் பச்சையாகப் பருத்திருந்தால், அல்லது புதுச்சுருள் தெரிந்தால், வேரும் கிளம்பப் போகிறது. தூங்கும் செடியைக் கட்டினால் அது விழிக்கும்வரை நாம்தான் ஈரத்துக்குப் பொறுப்பு.

தொட்டிச் செடி என்றால் வேரைச் சுற்றிய மண்ணில் பெரும்பகுதியை உதிர்த்துவிட்டு, மிச்சத்தை உள்ளங்கையால் தட்டையாக அழுத்திக்கொள்ளுங்கள். பட்டைக்கும் வேருக்கும் நடுவே ஊறவைத்துப் பிழிந்த ஸ்பாக்னம் பாசியோ தென்னைநாரோ ஒரு விரல் தடிமனுக்குப் போதும். தடிமன் கூடினால் வேர் அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும், பட்டையைத் தேடிப் போகாது, எறும்பும் குடிவந்துவிடும். தென்னைநாரில் உப்பு இருக்கக்கூடும், அதனால் சில முறை தண்ணீர் மாற்றி ஊறவைத்த பிறகு பயன்படுத்துங்கள். வளர்முனையும் ஊர்ந்து போகும் கிழங்கும் வெளியே தெரிய வேண்டும். முயல்கால் பெரணியின் கிழங்கை நாருக்குள் புதைத்தால் அழுகும்.

கட்டுவதற்கு என் விருப்பம் பழைய பனியன் துணியைக் கிழித்த நாடா. இழுத்தால் இழுபடும், வேரை அறுக்காது, மரம் பருத்தால் இடம் கொடுக்கும், ஒரு வருடம் போல மக்கி வரும்போது வேர் பிடித்திருக்கும். மீன்பிடி நரம்பு கண்ணுக்குத் தெரியாது என்பதால் பலருக்குப் பிடிக்கும். ஆனால் அது மக்காது, மறந்துவிட்டால் பருக்கும் மரத்தின் பட்டைக்குள் புதைந்து கிளையையே நெரிக்கும். பட்டைக்குச் சற்று உள்ளே இருக்கும் மெல்லிய அடுக்குதான் மரத்தைப் பருக்க வைக்கிறது. அதைச் சுற்றிலும் இறுக்கினால் கிளைக்கு ஆபத்து. பனை வகைகளில் அந்த அடுக்கே இல்லை, தண்டு வருடா வருடம் பருப்பதில்லை, அதனால் அங்கே கட்டு இறுகும் என்ற கவலை குறைவு. செம்புக் கம்பியை எந்த மரத்திலும் பயன்படுத்த வேண்டாம். ஈரம் பட்டுக் கரையும் செம்பு பெரணிக்கு நஞ்சு.

கட்டி முடித்ததும் செடியை லேசாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். புது வேர் நுனி மெல்லியது. காற்றடிக்கும்போதெல்லாம் செடி அசைந்தால் பட்டையில் ஒட்டிய நுனி தேய்ந்து போகும், பிடிப்பு வரவே வராது. என் கணக்கில், மரத்தில் ஏற்றிய பெரணி பிழைக்காமல் போவதற்குத் தண்ணீர்ப் பஞ்சத்துக்கு அடுத்த காரணம் இந்த ஆட்டம்தான்.

முதல் வறண்ட பருவம்தான் சோதனை. கையில் ஸ்ப்ரே பாட்டிலை வைத்துக்கொண்டு இலை நனைப்பதில் பெரிய பயன் இல்லை. வெளியில் காற்றடிக்கும், சில நிமிடங்களில் உலர்ந்துவிடும். வேரடிப் பாசி ஊறிக் கீழே சொட்டும்வரை ஊற்றுங்கள், பிறகு மேல்பகுதி உலரும்வரை விடுங்கள். விரலால் பாசியை அழுத்தினால் தெரிந்துவிடும். செடி உயரத்தில் இருந்தால் சொட்டுநீர்க் குழாயை அதற்கு மேலே, மழைநீர் வரும் அதே தடத்தில் கொண்டுபோய் முடியுங்கள். தண்ணீர் வழக்கமான பாதையில் இறங்கும்போது வேரும் அந்தப் பாதையைத் தேடிப் போகும். உப்புத் தண்ணீர் என்றால் இலையில் வெள்ளைத் திட்டு படியும். சேமித்த மழைநீர் இருந்தால் அதைப் பெரணிக்கு ஒதுக்குங்கள். இலை சுருண்டதும் செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். அமெரிக்காவின் தென்பகுதியில் ஓக் மரங்களில் வாழும் ஒரு பெரணி வறட்சியில் முழுக்கச் சுருண்டு பழுப்பாகிவிடும்; மழை பெய்தால் ஒரே நாளில் பச்சையாக விரியும். எல்லாப் பெரணியும் அந்த அளவுக்குத் தேறாது, ஆனால் தடித்த கிழங்கு உறுதியாக இருக்கும்வரை நம்பிக்கை உண்டு.

உரத்துக்கு நான் அதிகம் மெனக்கெடுவதில்லை. உதிர்ந்த இலைகளை நொறுக்கிக் கேடய இலைக்குப் பின்னால் ஒரு பிடி செருகிவிடுவேன். வளரும் பருவத்தில் திரவ உரத்தைப் பாக்கெட்டில் சொன்ன அளவில் கால் பங்காகக் கரைத்து எப்போதாவது ஊற்றலாம். மான்கொம்புக்கு வாழைப்பழத் தோல் வைக்கும் பழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. அதில் பொட்டாசியம் உண்டு என்பது சரி. எறும்பும் ஈயும் வரும் என்பதும் சரி. சருகே போதும்.

பூச்சி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இலையின் அடியில் பழுப்புப் புள்ளிகளைப் பார்த்ததும் மருந்தைத் தேடி ஓடாதீர்கள். வித்துத்தூள் உறைகள் ஒழுங்கான வரிசையில் இருக்கும்: பறவைக்கூட்டுப் பெரணியில் நடுநரம்பிலிருந்து சாய்வாக ஓடும் இணைகோடுகள், முடவாட்டுக்காலில் நரம்புகளுக்கு நடுவே வரிசையான புள்ளிகள், மான்கொம்பில் கொம்பு நுனியில் பழுப்பு வெல்வெட் திட்டு. செதில் பூச்சி என்றால் ஒழுங்கில்லாமல் நரம்போரம், காம்பு, மேல்புறம் என்று சிதறிக் கிடக்கும். நகத்தால் நெம்பினால் தனியாகக் கழன்று வரும், சுற்றிலும் பிசுபிசுப்பு இருக்கும். கொஞ்சமாக இருந்தால் பழைய டூத்பிரஷ்ஷே போதும். எண்ணெய் கலந்த மருந்துகள் பெரணி இலையைக் கருக்கக்கூடும், அடித்தே ஆக வேண்டும் என்றால் ஒரு இலையில் சோதித்துவிட்டு, வெயில் இறங்கிய பிறகு அடியுங்கள். நத்தை இளஞ்சுருள்களைத் தின்னும். அணில் நாரை உருவிக்கொண்டு போகும்; அதற்கு என்னிடம் மருந்தில்லை, கூடு கட்டி முடிக்கும்வரை மறுபடி மறுபடி நார் வைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

செடி நன்றாக ஊன்றிய பிறகு வரும் ஆபத்து பெரும்பாலும் மரத்தைப் பராமரிக்கும்போது வருவது. கிளை வெட்டும்போது பெரணிக்கு மேலே உள்ள குடையை ஒரே நாளில் திறந்துவிட்டால் நிழலில் வளர்ந்த இலை வெளுத்துக் கருகும். இரண்டு மூன்று தவணையாக வெட்டச் சொல்லுங்கள். அதைவிட மோசம் பழமரத்துக்கு அடிக்கும் செம்பு மருந்துகள். போர்டோ கலவை, காப்பர் ஆக்சிகுளோரைடு எல்லாம் பூஞ்சைக்கு எதிராக நன்றாக வேலை செய்பவை. பெரணியைப் பிளாஸ்டிக் தாளால் மூடிவிட்டு அடித்தால் தப்பிக்குமே என்று தோன்றும். அன்றைக்குத் தப்பிக்கும். ஆனால் மேல்கிளைகளில் படிந்த செம்பு அடுத்த மழையில் கரைந்து, நாம் தேடிக் கண்டுபிடித்த அதே தடத்தின் வழியாக இறங்கி, நேராகப் பெரணியின் வேரடிக்கு வந்து சேரும். ஆகவே வருடா வருடம் செம்பு மருந்து அடித்தே தீர வேண்டிய மரம் என்றால், எவ்வளவு நல்ல கவட்டை இருந்தாலும் அதை விட்டுவிட்டு மருந்து தேவைப்படாத மரத்தைப் பாருங்கள்.